அன்லிமிடெட் கால் இருக்கு, லைன் எங்கே? பாம்பன்காரங்க 5ஜி போன் வாங்குறதுக்கு முன்னாடி படிங்க



ரீசார்ஜ் செலவைப் பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவுக்குக் கீழ பாம்பன்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க. "அண்ணா, வீட்டுல நாலு சிம். நாலுக்கும் அன்லிமிடெட் பேக் போடுறோம். ஆனா வீட்டுக்குள்ள பேசினா கட் ஆகுது. வீட்டுக்காரர் கடலுக்குப் போனா லைனே கிடைக்கிறதில்ல. இஎம்ஐல 5ஜி போன் வாங்கினா சரியாகிடுமா?"

பெரும்பாலும் சரியாகாது. இஎம்ஐ மட்டும் மாசாமாசம் வரும்.

"அன்லிமிடெட் கால்"னு நாம காசு கொடுத்து வாங்குறது பேசுறதுக்கான அனுமதியை. அந்தக் கால் எந்த வழியா போகும், அந்த வழி உங்க சமையல்கட்டு வரைக்கும் வருதா, படகு நிக்கிற இடம் வரைக்கும் வருதான்னு ரீசார்ஜ் பேக் சொல்லாது. வழி தெரியாம காசு போட்டா அந்தக் காசு தப்பான இடத்துக்குத்தான் போகும். அதனால இன்னைக்கு முதல்ல வழியைப் பார்ப்போம், அப்புறம் கணக்கைப் பார்ப்போம். இது எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் கிடையாது.

ஒரு கால் போறதுக்கு மூணு வழி

பாம்பன்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். 2022 டிசம்பர்ல பழைய ரயில் பாலத்துல ரயில் போக்குவரத்தை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறக்குற வரைக்கும் ராமேஸ்வரம் போறவங்க மண்டபத்துலயோ ராமநாதபுரத்துலயோ ரயிலை விட்டு இறங்கி, ரோட்டுப் பாலம் வழியா பஸ்ஸுல போனாங்க. பயணம் நிக்கல, வழி மாறிச்சு. போன் காலும் அப்படித்தான்.

முதல் வழி, 2ஜி. பழைய ரோட்டுப் பாலம் மாதிரி. பேச்சுக்குன்னு தனியா ஒரு தடம் ஒதுக்கி, நீங்க வைக்கிற வரைக்கும் அதை உங்களுக்கே வச்சிருக்கும். சத்தம் சுமாரா இருக்கும். ஆனா பட்டன் போன்ல கூட வேலை செய்யும்.

ரெண்டாவது வழி, வோல்ட்டி. 4ஜியை டேட்டாவுக்காகவே கட்டினாங்க, பேச்சுக்குன்னு அதுல தனித் தடம் கிடையாது. அதனால உங்க குரலையே சின்னச் சின்ன டேட்டா பொட்டலமா மாத்தி அனுப்புறாங்க. சத்தம் தெளிவா இருக்கும், கால் சட்டுன்னு சேரும். இதுக்கு உங்க டேட்டா பேக்குல இருந்து எதுவும் கழியாது. வோல்ட்டி இல்லாத 4ஜி போனா இருந்தா, கால் வரும்போது அது 4ஜியை விட்டுட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கும். மண்டபத்துல ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறுற கதைதான்.

மூணாவது வழி, வைஃபை காலிங். டவரே வேண்டாம். வீட்டு பிராட்பேண்ட் வழியா கால் போகும். வாட்ஸ்அப் கால் இல்லைங்க இது, உங்க சாதாரண நம்பர்ல வர சாதாரண கால். நம்ம நாட்டுல ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரிலயும் இதைக் கொண்டு வந்தாங்க. தனிக் கட்டணம் கிடையாது.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்போ முழுக்க 4ஜியா வந்தாங்க. அவங்ககிட்ட 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி சிக்னல் தேயுற இடத்துல அந்தக் கால் இறங்கி நிக்க வேற தடம் இல்ல. ஏர்டெல் 3ஜியை மூடினாலும் 2ஜியை வச்சிருக்காங்க. வோடபோன் ஐடியாகிட்டயும் பிஎஸ்என்எல்கிட்டயும் 2ஜி இருக்கு. இதுல யார் நல்லவர், யார் கெட்டவர்னு பேச்சு இல்ல. எந்த இடத்துல எதை நம்பலாம்னு தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.

வழிக்குள்ள ஓடுற காசு

இந்த வழி விவகாரம் எவ்வளவு காசுன்னு 2019ல ஊரே பார்த்துச்சு. அப்போ ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குக் கால் போனா, கால் பண்ணின கம்பெனி எடுத்த கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 6 பைசா கொடுக்கணும். 2017 அக்டோபர் வரைக்கும் அது 14 பைசா. 2019 அக்டோபர்ல ஜியோ அந்த 6 பைசாவை வாடிக்கையாளர்கிட்டயே வாங்க ஆரம்பிச்சாங்க.

அதே நேரம் ரிங் அடிக்கிற நேரத்தையும் கம்பெனிகள் குறைச்சாங்க. ஏன் தெரியுமா? நீங்க எடுக்குறதுக்குள்ள ரிங் நின்னா அது மிஸ்டு கால் ஆகிடும். நீங்க திருப்பிக் கூப்பிடுவீங்க. அப்போ 6 பைசா எதிர்ப் பக்கமா ஓடும்! கடைசில டிராய் தலையிட்டு, மொபைலுக்கு 30 விநாடி ரிங் அடிக்கணும்னு 2019 நவம்பர்ல உத்தரவு போட்டாங்க. 2021 ஜனவரி 1ல இருந்து அந்த 6 பைசாவும் பூஜ்யம் ஆச்சு.

நமக்குப் "போன் ஏன் சீக்கிரம் நின்னு போச்சு"ங்கறது மட்டும்தான் தெரிஞ்சுது. பின்னாடி ஒரு வியாபாரம் ஓடுச்சு. இப்பவும் அப்படித்தான். நம்ம கண்ணுக்குத் தெரியுறது சிக்னல் கட்டை மட்டும்.

வீட்டுக்குள்ள கட் ஆகுதா? காசு செலவில்லாம முதல்ல இதைப் பாருங்க

போன் கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன் செட்டிங்ஸுக்குள்ள போங்க. மொபைல் நெட்வொர்க், சிம்னு இருக்குற இடத்துல மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, வோல்ட்டி ஆன்ல இருக்கா? இரட்டை சிம் போன்ல ரெண்டு சிம்முக்கும் தனித்தனியா பாருங்க. ரெண்டு, வைஃபை காலிங் ஆன்ல இருக்கா? மூணு, சில ஆண்ட்ராய்டு போன்ல "2ஜி அனுமதி"ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைச்சு வச்சிருந்தா, 2ஜி இருக்குற நெட்வொர்க்லயும் உங்க கால் இறங்கி நிக்க முடியாது. யாரோ சொன்னாங்கன்னு "4ஜி மட்டும்"னு பூட்டி வச்சவங்களுக்கும் இதே கதிதான்.

அப்புறம் ஒரு கால் போட்டு, பேசிட்டு இருக்கும்போதே மேல இருக்குற அடையாளத்தைப் பாருங்க. 4ஜின்னு இருந்தது "ஈ"ன்னோ 2ஜின்னோ மாறினா, உங்க கால் வோல்ட்டில போகல, கீழ இறங்கிடுச்சுன்னு அர்த்தம். வைஃபை அடையாளத்தோட போன் படம் வந்தா பிராட்பேண்ட் வழியா போகுது.

கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் சிக்னலை நல்லாவே தடுக்கும். வீட்டுல பிராட்பேண்ட் இருந்தா உள்ள பேசுறதுக்கு வைஃபை காலிங்தான் சரியான தீர்வு. பேசிக்கிட்டே வாசலுக்கு வந்தா கால் வோல்ட்டிக்குத் தானா மாறணும். அந்த மாற்றத்துல கட் ஆச்சுன்னா வாசல்ல 4ஜி சிக்னல் பலவீனம்னு புரிஞ்சுக்கலாம்.

இதுல ஒரு ஓட்டை உண்டு. கரண்ட் போனா ரவுட்டர் நிக்கும், ரவுட்டர் நின்னா வைஃபை காலிங்கும் நிக்கும். காத்து மழைன்னா முதல்ல போறது கரண்ட்தானே? 5ஜி போனுக்கு வச்சிருக்குற காசுல ஒரு சின்ன பங்கை எடுத்து ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்குங்க. என் கருத்துல அது நல்ல முதலீடு.

5ஜி போன் ஏன் உதவாதுன்னும் சொல்லிடுறேன். ஏர்டெல் 5ஜி பெரும்பாலும் 4ஜியோட முதுகுல ஏறித்தான் ஓடுது. கால் 4ஜி வோல்ட்டிலதான் போகும். ஜியோ 5ஜி தனியா ஓடுற அமைப்பு. அங்கயும் 5ஜில பேசுற வசதி போனுக்கோ இடத்துக்கோ ஒத்துவரலன்னா கால் 4ஜிக்கு இறங்கிடும். ஆக 4ஜி வராத அடுப்படிக்கு 5ஜி போனைக் கொண்டு போனா மட்டும் கால் வந்துடாது.

கடல்ல என்ன நடக்குது

இது வேற கணக்கு. 40 மீட்டர் உயர டவர்ல இருந்து கடல் மட்டத்துல இருக்குற படகுக்கு நேர்கோட்டு எல்லையே சுமார் 30 கிலோமீட்டர்தான். பூமி உருண்டை, அதுக்கு மேல டவர் தொடுவானத்துக்குக் கீழ போயிடும். 2ஜிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சாதாரண 2ஜி டவர் 35 கிலோமீட்டருக்கு மேல இருக்குற போனோட பேசாது, அதோட நேரக் கணக்கே அப்படி அமைஞ்சது. இது ரெண்டுமே ஏட்டுக் கணக்கு. டவர் ஆன்டெனா ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தா கடல் பக்கம் இதுல பாதி கூட வராது.

இந்தக் கணக்கு இன்னொரு விஷயத்தையும் விளக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில 30 கிலோமீட்டருக்குள்ளதான் தூரம். அதனாலதான் அரிச்சல்முனை பக்கம் போனா போன் சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்குது. சர்வதேச ரோமிங் ஆன்ல இருக்குற சிம்னா, நம்ம மண்ணுல நின்னு பேசினாலும் வெளிநாட்டுக் கட்டணம் விழ வாய்ப்பிருக்கு. ரோமிங் தேவை இல்லாதவங்க அதை நிறுத்தி வைங்க. நெட்வொர்க் தேர்வை "தானாக"ங்கறதுல இருந்து மாத்தி உங்க கம்பெனிப் பெயரையே தேர்ந்தெடுங்க. அதே மாதிரி, இலங்கை நெட்வொர்க் தெரியலங்கறதால எல்லைக்குள்ளதான் இருக்கோம்னும் நம்பிடாதீங்க. எல்லையைச் சொல்ல ஜிபிஎஸ் இருக்கு, போன் சிக்னல் அந்த வேலைக்கு ஆகாது.

கடலுக்குப் போற வீடுகளுக்கு என் கருத்து இதுதான். மொபைல் கரையோரத் தொடர்புக்கு மட்டும்தான். உயிர் காக்குற சாதனம்னு அதை நம்பக் கூடாது. அதுக்கு விஎச்எஃப் செட்டும், அரசு படகுகளுக்குக் கொடுக்குற இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரும்தான். அவசரத்துக்குக் கடலோரக் காவல்படையோட 1554 நம்பர் எல்லார் போன்லயும் இருக்கட்டும். படகு போனுக்கு விலை உயர்ந்த போன் வாங்குற காசை விஎச்எஃப் செட்டோட பேட்டரிக்குப் போடுங்க.

கரைக்குத் திரும்பும்போது முதல் சிக்னல் எந்த சிம்முல வருதுன்னு வீட்டுக்காரரைக் கவனிக்கச் சொல்லுங்க. நாலு தடவை போய் வந்தாலே தெரிஞ்சிடும். படகுக்கு எந்த சிம்னு முடிவு பண்ண அதுதான் வழி.

இப்போ கணக்கு

2024 ஜூலைல விலை ஏறினதுக்கு அப்புறம், 84 நாளுக்குத் தினம் 1.5 ஜிபி பேக் ஜியோல ₹799, ஏர்டெல்ல ₹859னு ஆச்சு. 2024 டிசம்பர்ல டிராய் ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. டேட்டா வேண்டாதவங்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடுத்தே ஆகணும்னு உத்தரவு. அடுத்த மாசமே 84 நாளுக்கு ஜியோ ₹448, ஏர்டெல் ₹469னு கொண்டு வந்தாங்க. விலை மாறிக்கிட்டே இருக்கும், இன்னைக்கு என்ன விலைன்னு ஆப்ல பார்த்துக்கோங்க. கணக்குப் போடுற முறை மாறாது.

நாலு சிம்முக்கும் ₹799 போட்டா 84 நாளுக்கு ₹3,196. அதையே ரெண்டு சிம் ₹799, ஒரு சிம் ₹448, ஒரு சிம் ₹469னு மாத்தினா ₹2,515. மிச்சம் ₹681. வருஷத்துக்குச் சுமார் ₹2,950.

இதுல பணத்தை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. நாலு சிம்மும் ஒரே கம்பெனியா இருந்த வீட்டுல இப்போ ரெண்டு கம்பெனி, அதுல ஒண்ணு 2ஜிக்கு இறங்கக் கூடியது. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. செலவும் குறையுது, பாதுகாப்பும் கூடுது. இப்படி ரெண்டும் சேர்ந்து அமையுறது பர்சனல் ஃபைனான்ஸ்ல அபூர்வம்!

யாருக்குப் பேச்சு பேக் போதும்? பட்டன் போன் வச்சிருக்குற அப்பத்தாவுக்குப் போதும். வாட்ஸ்அப்ல இடம் அனுப்பாத, வானிலை ஆப் பார்க்காத படகு போனுக்கும் போதும். அதெல்லாம் பயன்படுத்துறாருன்னா அந்த சிம்மை டேட்டா பேக்லயே விடுங்க, அதுல சிக்கனம் பார்க்காதீங்க.

விசைப்படகு வீடுகளுக்கு இன்னொரு யோசனை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். வருமானம் நின்ன மாசத்துல ரீசார்ஜ் முடியுறது பெரிய தலைவலி. மார்ச்லயே 84 நாள் பேக் போட்டுட்டா தடைக்காலத்துல பெரும்பகுதி ஓடிடும். ஏர்டெல் ஒரு வருஷப் பேச்சு பேக் ₹1,849க்கு வந்தது. 84 நாள் பேக்கா போடுறதை விட வருஷத்துக்குச் சுமார் ₹190 குறைவு. நல்ல பாடு கிடைச்ச மாசத்துல அதைப் போடலாம். ஆனா வட்டிக்கு வாங்கிப் போடாதீங்க. ₹190 மிச்சத்துக்கு வட்டி கட்டினா கணக்கு தலைகீழாகிடும்.

போன் வாங்கியே ஆகணும்னா

2ஜி மட்டும் உள்ள பட்டன் போனை இனிமே புதுசா வாங்காதீங்க. உலகம் பூரா பழைய நெட்வொர்க்கை மூடிட்டு வர்றாங்க. ஆஸ்திரேலியாவுல 2024 அக்டோபர்ல 3ஜியை மூடினப்போ ஒரு சிக்கல் வெளிய வந்துச்சு. சில போன்ல சாதாரண கால் 4ஜில போகும், ஆனா அவசர நம்பருக்குப் போட்டா மட்டும் 3ஜியைத் தேடும். அந்தப் போன்களையே நெட்வொர்க்ல இருந்து தடுக்க வேண்டியதாச்சு. நல்லா ஓடின போன் ஒரே நாள்ல வீண்.

வோல்ட்டி உள்ள 4ஜி பட்டன் போன் வாங்குங்க. வாங்கும்போது "எல்லா சிம்மும் எடுக்குமா?"ன்னு கட்டாயம் கேளுங்க. ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டின போன் விலை குறைவாதான் இருக்கும். 2023ல ஜியோபாரத் வந்தப்போ விலை ₹999தான். ஆனா உங்க தெருவுல அந்த நெட்வொர்க் பலவீனம்னா போனையும் சேர்த்து மாத்தணும். வளைகுடா, சிங்கப்பூர்ல இருந்து வர போன்லயும் கவனம் தேவை. சில மாடல்ல நம்ம சிம்முக்கு வோல்ட்டி, வைஃபை காலிங் வேலை செய்யாது. சிம் போட்டுப் பேசிப் பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க.

கம்பெனிகள் பக்க நியாயமும் உண்டு

பழைய நெட்வொர்க்கை ஓட்டுறதுக்குக் கரண்ட், அலைவரிசை, ஆளுன்னு எல்லாம் செலவுதான். அதே அலைவரிசைல 4ஜி இன்னும் நிறைய பேரோட காலைத் தாங்கும். அதனால 2ஜியை மூடணும்ங்கற வாதத்தை நான் முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். என் கேள்வி, அந்த மாற்றத்தோட செலவு யார் தலைல விழுதுங்கறதுதான். கம்பெனிக்கு மிச்சமாகுது. அப்பத்தா புது போன் வாங்கணும். 2ஜியை மூடுறதுக்கு முன்னாடி, எல்லா சிம்மும் எடுக்குற மலிவான 4ஜி போன் கைக்கு வரணும். அதை டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் கட்டாயமாக்கணும்ங்கறது என் கருத்து.

2024 அக்டோபர்ல அமலுக்கு வந்த டிராய் சேவைத்தர விதிப்படி, எந்த இடத்துல 2ஜி, 4ஜி, 5ஜி எது இருக்குன்னு கம்பெனிகள் தங்களோட வெப்சைட்ல வரைபடம் போட்டாகணும். நல்ல விதி. ஆனா வரைபடத்துல நிறம் இருக்குறதும் வீட்டுக்குள்ள கால் சேர்றதும் வேற வேற. அதனால வரைபடம் பார்த்துட்டு கால்நடையாவும் பாருங்க.

இந்த வாரம் செய்யுங்க

1. மேல சொன்ன மூணு செட்டிங்கையும் வீட்டுல எல்லார் போன்லயும் பாருங்க.

2. அடுப்படி, திண்ணை, பஸ் ஸ்டாப், படகு நிறுத்துற இடம்னு நாலு இடத்துல ரெண்டு கம்பெனி சிம்முல கால் போட்டுப் பாருங்க. குந்துகால்ல நல்லா எடுக்குற சிம் தங்கச்சிமடத்துல எடுக்கணும்னு இல்ல. போர்ட் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க சிம்மைப் போட்டுச் சோதிங்க. போர்ட் பண்ணிட்டா 90 நாளைக்கு மறுபடி மாத்த முடியாது.

3. பேங்க் ஓடிபி வர நம்பரை, வீட்டுல நல்லா சிக்னல் வர சிம்முல வைங்க. எஸ்எம்எஸ்ஸும் இதே வழிகள்லதான் வருது.

4. ரெண்டாவது சிம்மைச் சும்மா போட்டு வைக்காதீங்க. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம, பேலன்ஸும் ₹20க்குக் கீழ இருந்தா நம்பர் போயிடலாம்.

5. புயல், வெள்ள நேரத்துல ஒரு கம்பெனி சிம் இன்னொரு கம்பெனி டவர்ல வேலை செய்ய அரசு தற்காலிகமா அனுமதிக்கிறது உண்டு. பாம்பன் துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா, நெட்வொர்க் தேர்வை "தானாக"ங்கறதுக்கு மாத்திடுங்க. உங்க சிம் வேலை செய்யலன்னா வேற நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்க.

இதை எல்லாம் பண்ணிப் பார்த்தும் கால் சேரலன்னா மட்டும் போன் கடைப் பக்கம் போங்க. அதுவரைக்கும் அந்த இஎம்ஐ காசு உங்க கணக்குலயே இருக்கட்டும்.

உங்க ஏரியாவுல எந்த சிம் எந்த இடம் வரைக்கும் எடுக்குதுன்னு ஊர் பெயரோட கமெண்ட்ல எழுதுங்க. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் எழுதினா அடுத்த ரீசார்ஜுக்கு இன்னொரு வீட்டுக்கு அது உதவும். செட்டிங்ஸ் பார்க்குறது எப்படின்னு வீடியோலயும் காட்டியிருக்கேன், பார்த்துட்டு அப்பத்தா போன்லயும் ஆன் பண்ணிக் கொடுங்க.